தோட்டத்து மேசை

பெஸ்தாரி ஜெயாவில் ஒரு தாமான் வீட்டின் பின்பக்கம், தகரக் கூரை இறக்கிய சின்னப் பட்டறை. 2007 வரை இந்த ஊருக்குப் பத்தாங் பெர்ஜுந்தை என்று பெயர். பட்டறைக்காரப் பெரியவர் வாயில் இன்றும் அதுதான் வருகிறது. தோட்டத்துத் தச்சராக இருந்து ஓய்வு பெற்றவர். லயத்து வீடுகளின் கதவும் சன்னலும் ஒரு காலத்தில் அவர் பொறுப்பு. இப்போது அவர் முன்னால் ஒரு மெராந்தி மர மேசை குப்புறக் கிடக்கிறது. ஓரமாக ஒரு பெஞ்சில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

மேசைப் பலகையின் ஒரு முனையில் தொடங்கிய வெடிப்பு, மரத்தின் ஓட்டத்தோடு இரண்டடி உள்ளே போய் நின்றிருக்கிறது. முனையில் நகம் நுழையும். உள்ளே போகப் போக மயிரிழை. கொண்டுவந்த அம்மாள் நிலைப்படி ஓரம் நிற்கிறார்.

"தோட்டத்துல இருந்த வரைக்கும் ஒன்னும் ஆகல, பெரியப்பா. தாமானுக்கு வந்த பின்னாடிதான் வெடிச்சிருச்சு."

"ஏர்கோன் ரூம்லயாம்மா போட்டீங்க?"

"ஆமா, பையன் படிக்கிற ரூம்ல."

பெரியவர் தலையாட்டிக்கொண்டு மேசையின் அடிப்பக்கத்துக்கு வந்துவிடுகிறார். காரணம் கிடைத்துவிட்டது. லயத்து வீட்டில் காற்று இந்தப் பக்கம் நுழைந்து அந்தப் பக்கம் போகும். ஆறும் கடலும் அருகே உள்ள இந்தச் சீமையில், அப்படிப்பட்ட வீட்டில் கிடக்கும் பலகை சுமார் 15 விழுக்காடு ஈரத்தைத் தன்னுள் வைத்திருக்கும். குளிரூட்டிய அறைக்குள் போனால் அது 10, 12 வரை இறங்கிவிடும். ஈரம் குறைந்தால் மரம் சுருங்கும். நீளவாக்கில் ஏறக்குறைய ஒன்றுமில்லை, அகலவாக்கில்தான் எல்லாம்.

சுருங்குவது குற்றமில்லை. சுருங்க விடாததுதான் குற்றம். பலகைக்குக் குறுக்கே இரண்டு சட்டங்கள். ஒவ்வொன்றிலும் வரிசையாக ஆணி. சட்டம் தன் நீளத்தில் சுருங்காது, பலகையையும் விடாது. இழுபறியில் பலகை தன் பலவீனமான இடத்தில் பிளந்துகொண்டது. வயசாகிவிட்டதால் வெடித்தது என்றுதான் பொதுவாகச் சொல்லிவிடுகிறோம். கட்டிப் போட்டதால் வெடித்த மரங்களைத்தான் நான் அதிகம் பார்த்திருக்கிறேன்.

ஆணி பிடுங்குவதில் அவர் காட்டும் பொறுமையைச் சொல்லாமல் போக முடியாது. முதலில் ஆணித்தலையைச் சுத்தியலால் மெல்ல ஒரு தட்டு. துருப் பிடித்த பிடி இளகும். பிறகு தலையைச் சுற்றி மெல்லிய உளியால் நாரை ஒதுக்குகிறார். குறடு கவ்வியதும் அதன் அடியில் ஒரு தகரத் துண்டு, மரம் நசுங்காமலிருக்க. இழுப்பதில்லை, சாய்க்கிறார், விடுகிறார், மறுபடி சாய்க்கிறார். ஆணி கரகரவென்று வெளியே வந்ததும் அதைச் சுற்றி மரம் கறுத்திருப்பது தெரிகிறது.

வெடிப்புக்குள் யாரோ முன்பே மரத்தூளையும் பசையையும் குழைத்து அடைத்திருக்கிறார்கள். பழைய ரம்பத் தகட்டின் முனையால் அதைச் சுரண்டி எடுக்கிறார். உலர்ந்த நாளில் இப்படி அடைத்தால், மழை நாளில் மரம் ஊதும்போது அந்த அடைப்பு உள்ளிருந்து நெருக்கும். அடுத்த வெயிலில் பக்கத்திலேயே இன்னொரு வெடிப்பு. கவ்வி போட்டு முறுக்கி மூடினாலும் அதே கதைதான். காய்ந்து விரிந்த வெடிப்பை வலுவில் மூடினால், அந்த இழுப்பு பலகைக்குள் தங்கி வேறு இடத்தில் வெளிவரும்.

அதனால் சிம்பு. கழித்துப்போட்ட ஒரு மெராந்தித் துண்டிலிருந்து, ஓட்டம் அதே திசையில் வருமாறு மெல்லிய ஆப்பாகச் சீவுகிறார். நுழைத்துப் பார்க்கிறார், எடுக்கிறார், இழைப்புளியால் ஒரே ஒரு சுருள். மறுபடி நுழைக்கிறார். பசையைச் சிம்பின் ஒரு பக்கத்தில் மட்டும் தடவுகிறார். மறுபக்கம் சும்மா இருக்கும். பலகை போக வர அதுதான் வழி.

வெடிப்பு மேலும் ஓடாமலிருக்க, அது முடியும் இடத்தில் அடிப்பக்கமாகக் குழி வெட்டி, உடுக்கை வடிவத்தில் அறுத்த ஒரு செங்கால் மரத் துண்டைக் குறுக்கே இறக்குகிறார். கொட்டாப்புளியின் சத்தம் முதலில் மொத்தையாக இருந்து, துண்டு அடியில் உட்கார்ந்ததும் கணீரென்று மாறுகிறது. அதன்மேல் அவர் அடிப்பதில்லை.

பட்டறை மூலையில் கால் ஆடும் நாற்காலி ஒன்று கிடக்கிறது. புதிது, ரப்பர் மரம். அந்த மரம் நாற்காலியான கதையில் செம்பனைக்கும் பங்குண்டு. மலாயாவில் வணிகத்துக்கென்று செம்பனை முதலில் நடப்பட்டது இந்த வட்டாரத்துத் தென்னமாராம் தோட்டத்தில், 1917இல். பின்னாளில் ரப்பரை வெட்டிச் செம்பனை வைத்தார்கள். வெட்டிய மரம் அடுப்புக்குப் போனது. வெட்டிய கையோடு நீலம் பாயும், வண்டு துளைக்கும், பலகைக்கு ஆகாது என்று தள்ளினார்கள். போரான் மருந்தேற்றிச் சூளையில் உலர்த்தும் முறை வந்த பிறகு அதே மரம் மேசை நாற்காலியாகிக் கப்பலேறுகிறது. தலைமுறை தலைமுறையாக அந்த மரத்தில் பால் வெட்டியவர்களின் பேரப்பிள்ளைகள், இன்று கடையில் தவணை கட்டி அதே மரத்தை வாங்குகிறார்கள். இது எனக்கு வலிக்கிறது. அவர்கள் வீட்டுப் பழைய மெராந்தி மேசை குப்பை லோரியில் ஏறாமல் இங்கே வந்து கிடப்பது, அதே அளவுக்கு மகிழ்ச்சியாக இருக்கிறது.

சட்டங்களைத் திரும்பப் பொருத்துகிறார். நடுவில் ஒரு திருகாணி இறுக்கமாக. மற்றத் துளைகளைப் பலகையின் அகலவாக்கில் நீளமாக்கி, திருகாணி நகர இடம் விட்டிருக்கிறார்.

அம்மாள் குனிந்து, பலகைக்கு அடியில் கைவிட்டு மேல்பக்கத்தைத் தடவுகிறார். "இந்தக் கத்திக் கீறலையும் இழைச்சு எடுத்துருங்களேன், பெரியப்பா."

"இழைச்சா பலகை மெலிஞ்சு போகும்மா. கீறல் ஒன்னும் பண்ணாது, இருக்கட்டும்."

"மறுபடி வெடிக்காதே?"

"ஏர்கோனுக்கு நேர் கீழ போடாதீங்க. சன்னல் ஓரமாப் போடுங்க. பசை காயணும், நாளைக்குச் சாயங்காலம் பையனக் கூட்டிக்கிட்டு வாங்க, ஆளு ரெண்டு பேரு வேணும் தூக்க."