எல்லாரும் கேட்ட றேடியோ

‘வேர்க்கிங் மான்’ பாட்டை எழுதியபோது ‘ரஷ்’ என்ற றொக் இசைக்குழுவின் கெடி லீக்கும் அலெக்ஸ் லைஃப்சனுக்கும் வயது இருபதளவில்தான் இருக்கும். இருவரும் ரொறன்ரோவின் வடபகுதியான வில்லோடேலில் வளர்ந்தவர்கள். கெடியின் பெற்றோர் போலந்து யூதர்கள். அவுஷ்விட்ஸ் முகாமிலிருந்து உயிர் தப்பிக் கனடா வந்தவர்கள். அவருக்குப் பன்னிரண்டு வயதாக இருக்கும்போது தகப்பன் இறந்துபோனார். அவர் நடத்திய கடையைத் தாய் ஏற்று நடத்தினார். அலெக்ஸின் பெற்றோர் யூகோஸ்லாவியாவிலிருந்து குடியேறியவர்கள். உழைப்பை வீட்டுக்குள்ளேயே பார்த்து வளர்ந்த பிள்ளைகள் எழுதியது என்பதால்தான் அந்தப் பாட்டில் பொய் இல்லை. ஒருவன் காலையில் எழும்பி வேலைக்குப் போகிறான். பின்னேரம் வந்து குளிர்ந்த பியரோடு இருக்கிறான். இதைவிட நல்லா வாழலாமே என்று அவனுக்குத் தோன்றுகிறது. அவ்வளவுதான் கதை.

அவர்களுடைய ‘ரஷ்’ குழுவின் முதல் இசைத்தட்டு 1974இல் சொந்தச் செலவில் வந்தது. இரவில் வாடகை குறைவு என்பதால் ஒலிப்பதிவில் பெரும்பகுதியை நடுநிசியில் செய்தார்கள். அதன் பிரதியொன்று அமெரிக்காவின் கிளீவ்லாந்தில் ஒரு வானொலி நிலையத்துக்குப் போனது. அங்கே பாட்டுகளைத் தெரிவுசெய்யும் பொறுப்பில் இருந்த டொனா ஹால்ப்பர், ஏழு நிமிடத்துக்கும் மேல் ஓடும் இந்தப் பாட்டைக் கேட்டதுமே இது உருக்காலைகள் நிறைந்த தன் நகரத்துக்கான பாட்டு என்று கண்டுகொண்டார். அது ஒலிபரப்பானதும் தொலைபேசி ஓயவில்லை. லெட் செப்பெலினின் புதுப் பாட்டா என்று பலர் கேட்டார்களாம். அந்த அழைப்புகள்தான் ரஷ்ஷுக்கு ஒரு பெரிய நிறுவனத்தின் ஒப்பந்தத்தை வாங்கிக் கொடுத்தன.

எனக்கு அந்தப் பாட்டு வந்து சேர்ந்தது எண்பதுகளின் கடைசியில், ரொறன்ரோவை அடுத்த ஸ்காபரோவில் ஒரு பிளாஸ்ரிக் தொழிற்சாலையில். மெஷின் கதவைத் திறந்து, சுடச்சுட வரும் பொருளை எடுத்து, ஓரப் பிசிறைக் கத்தியால் சீவிப் பெட்டியில் அடுக்க வேணும். விடிய விடிய அதுதான் வேலை. தூணில் கம்பியால் கட்டித் தொங்கவிட்ட ஒரு றேடியோ இருந்தது. போர்த்துக்கல்காரரான எங்கள் மேற்பார்வையாளர் அதை றொக் நிலையத்தைவிட்டு அசைய விடமாட்டார். மெஷின் இரைச்சலில் அரைவாசிப் பாட்டுகள் கரைந்துபோகும். கெடி லீயின் உச்சக் குரலும் அந்த கிட்டாரும் மட்டும் எல்லாவற்றையும் கிழித்துக்கொண்டு வரும்.

அடுத்த மெஷினில் நின்றவர் யாழ்ப்பாணத்தில் கணக்குப் படிப்பித்தவர். “மாஸ்ரர், என்ன சொல்லுறான் இவன்?” என்று ஒருநாள் கேட்டேன்.

“தம்பி, காலமை ஒன்பது மணிக்கு வேலைக்குப் போறானாம். பின்னேரம் வீட்டை வந்திடுறானாம். இரவிலை நித்திரை கொள்ளுறவன். அவனுக்கும் எங்கடை கவலைதான்.”

அதற்குப் பிறகு அந்தப் பாட்டு போகும் நேரங்களில் மாஸ்ரர் என்னைத் திரும்பிப் பார்ப்பார். நடுவில் பாடல் நின்று கிட்டார் தனியே ஓடும் நீண்ட பகுதியில் மேற்பார்வையாளர் மேசையில் தாளம் போடுவார். கயானாக்காரப் பெண்ணொருத்தி கத்தியைப் பிடித்தபடியே தோளைக் குலுக்குவாள். ஆங்கிலம் எங்களில் பலருக்கு அரைகுறை. ஆனாலும் அந்த ஏழு நிமிடம் முழுத் தளத்துக்கும் ஒரே ஏழு நிமிடமாக இருந்தது.

அந்த வேலைக்காக நான் ஏங்கவில்லை. முதுகுவலியும் கையில் சுட்ட தழும்பும் இன்னும் இருக்கின்றன. யாரும் கேட்டு வாங்காத ஒரு பாட்டு, எங்கள் எல்லாருக்கும் ஒரே கணத்தில் வந்து சேர்ந்ததே, அதற்காகத்தான் ஏங்குகிறேன். இப்போது நினைத்த நேரத்தில் அதைத் தொலைபேசியில் கேட்க முடிகிறது. கேட்கிறேன். திரும்பிப் பார்க்க மாஸ்ரர் இல்லை.

அந்தத் தொழிற்சாலைகளும் இப்போது இல்லை. ஸ்காபரோவின் எக்லின்ரன் வீதியிலிருந்த ஜெனரல் மோட்டோர்ஸின் வான் தொழிற்சாலை 1993இல் மூடப்பட்டது. எங்களுடையது சிறியது, அதுவும் நிலைக்கவில்லை. உழைப்பாளிகளின் கூட்டம் இப்போது பொதிகள் அடுக்கும் பெரும் களஞ்சியங்களில் இருக்கிறது. என் மகன் படிக்கிற காலத்தில் அப்படியொன்றில் வேலை செய்தான். ஆளுக்கொரு காதொலி, ஆளுக்கொரு பாட்டு. பக்கத்தில் நின்றவன் என்ன கேட்கிறான் என்று அவனுக்குக் கடைசிவரை தெரியாது.

2015 ஓகஸ்ட் 1ஆம் திகதி லொஸ் ஏஞ்சல்ஸ் பகுதியில் ரஷ், மேளம் வாசித்த நீல் பியர்ட்டுடனான தன் கடைசிக் கச்சேரியை ‘வேர்க்கிங் மான்’ பாட்டோடுதான் முடித்தது. பியர்ட் 2020 சனவரியில் காலமானார்.

உங்கள் வேலைத்தலத்தில் இன்னும் ஒரு றேடியோ எல்லாருக்குமாகப் பாடிக்கொண்டிருந்தால், தயவுசெய்து அதை நிறுத்த விடாதீர்கள்.