‘படிப்பு ஏறாது’ என்றவர்களும் நான் சாப்பிடும் மாத்திரையும்

கொஞ்ச நாளாக நம் கூட்டங்கள் முடிந்ததும் ஒன்றிரண்டு மாணவர்கள் ஒதுக்குப்புறமாக வந்து ஒரே விஷயத்தைக் கேட்கிறார்கள். “அக்கா, நீங்க ஏ.டி.ஹெச்.டி.க்கு மாத்திரை எடுக்குறீங்களாமே? அது போதை மாத்திரையா? ஒருதடவை ஆரம்பிச்சா விட முடியாதாமே?” பஞ்சமி நிலம், விடுதிச் சாப்பாடு, கல்வி உதவித்தொகை பற்றியெல்லாம் மைக் பிடித்துக் கேட்கிற பிள்ளைகள், இதை மட்டும் குரலைத் தாழ்த்திக் கேட்கிறார்கள். ஆளாளுக்குத் தனியாகச் சொல்வதைவிட இங்கே எழுதிவிடலாம் என்று தோன்றியது. ஆமாம், எடுக்கிறேன். மூன்று வருடமாகிறது. அதன் பெயர் அட்டோமாக்ஸெடின்.

நான் டாக்டர் இல்லை, சமூகப் பணியாளர். யாருக்கும் மருந்து சிபாரிசு செய்ய இதை எழுதவில்லை. இந்த மருந்தைப் பாதுகாப்பாகச் சாப்பிட வேண்டுமென்றால் டாக்டரிடம் நிறையக் கேட்க வேண்டும், நிறையச் சொல்ல வேண்டும். நம் ஆட்களுக்கு வெள்ளைக் கோட்டின் முன்னால் கேட்டும் பழக்கமில்லை, சொல்லியும் பழக்கமில்லை. எழுதுவதற்கு அதுதான் காரணம்.

ஏ.டி.ஹெச்.டி. என்பது சிறுவயதிலேயே தொடங்கும் ஒரு நரம்பு வளர்ச்சிக் குறைபாடு. கவனத்தை ஓரிடத்தில் நிறுத்த முடியாமை, தொடங்கியதை முடிக்க முடியாமை, மறதி, அவசரம், உட்கார்ந்த இடத்தில் இருக்க முடியாத பரபரப்பு ஆகியவை அதன் அடையாளங்கள். புத்திக் குறைவுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் வகுப்பறையில் இந்த அடையாளங்களை யார் உடம்பில் பார்க்கிறார்கள் என்பதைப் பொறுத்துப் பெயர் மாறுகிறது. ஊர்த்தெருப் பையன் நோட்டை மறந்து வந்தால் “துறுதுறுப்பு, கவனம்தான் பத்தல”. காலனிப் பிள்ளை மறந்து வந்தால் “இதுங்களுக்கெல்லாம் படிப்பு ஏறாது”. எட்டாம் வகுப்பில் பாதியில் நின்ற என் கணக்கைப் பார்த்து ஓர் ஆசிரியர், “ஸ்காலர்ஷிப் வந்தா போதும், அதுக்குத்தானே வர்றீங்க” என்றார். காரணம் சாதியிலேயே கிடைத்துவிட்டதால் வேறு காரணத்தை யாரும் தேடவில்லை. நானும் பட்டப்படிப்பு, சமூகவியலில் முதுகலை என்று, கடைசி இரவு கண் விழித்தே கரையேறினேன். வேலைக்கு வந்த பிறகு அது செல்லவில்லை. வன்கொடுமை வழக்குக் கோப்பு ஒன்றைத் திறந்தால் மூன்றாம் பக்கத்தில் மனம் வேறெங்கோ போய்விடும். நீதிமன்றத் தேதிகளைக் கையில் பேனாவால் எழுதிக்கொண்டு திரிந்தேன்.

அரசு மருத்துவக் கல்லூரி மனநலப் பிரிவில்தான் காட்டினேன். அந்த டாக்டரம்மா முதல் நாளே மாத்திரை எழுதவில்லை. தூக்கம், சாப்பாடு, மாதவிடாய் எல்லாம் கேட்டார். ரத்தசோகையும் தைராய்டும் இருக்கிறதா என்று ரத்தம் பார்த்தார். மனச்சோர்வு, பதற்றம் பற்றித் துருவினார். ஏ.டி.ஹெச்.டி. என்று சொல்ல 12 வயதுக்கு முன்பே அடையாளங்கள் இருந்திருக்க வேண்டும் என்பதால் அம்மாவை அழைத்துவரச் சொன்னார். அம்மா சொன்னது: “அது சின்ன வயசுலேருந்தே அப்படித்தான் டாக்டரம்மா. கடையில புளி வாங்கிட்டு வாடின்னு அனுப்புனா, வழியில எவ வீட்டுலயாவது உக்காந்து கதை பேசிட்டு வெறுங்கையோட வந்து நிக்கும்.”

இந்த விசாரணை முக்கியம். விடுதியில் ஒழுங்காகத் தூங்காத, ஒருவேளைச் சாப்பாட்டைத் தவறவிடுகிற, வகுப்பில் அவமானப்படுகிற ஒரு பிள்ளைக்கும் கவனம் சிதறத்தான் செய்யும். அதற்கு இந்த மருந்து மருந்தல்ல. ரீல்ஸ் பார்த்து ‘எனக்கும் இதுதான்’ என்று முடிவுகட்டாதீர்கள். ஐந்து நிமிடத்தில் சீட்டு எழுதித் தரும் டாக்டரையும் நம்பாதீர்கள்.

இந்த நோய்க்குப் பரவலாகத் தரப்படுவது மெத்தில்ஃபெனிடேட். அது தூண்டு மருந்து வகை, விரைவாக வேலை செய்யும். தவறாகப் பயன்படுத்தவும் வாய்ப்பிருப்பதால் இந்தியாவில் அது ‘அட்டவணை எக்ஸ்’ மருந்து. தனி உரிமம் உள்ள கடையில்தான் கிடைக்கும், சீட்டின் ஒரு பிரதியைக் கடைக்காரர் இரண்டு வருடம் வைத்திருக்க வேண்டும். அதனால் அது கெட்ட மருந்து ஆகிவிடாது. பலருக்கு அதுதான் முதல் தேர்வு. எனக்குப் பதற்றமும் சேர்ந்திருந்தது, எங்கள் ஊர்ப்பக்கம் அந்த மருந்து வைத்திருக்கும் கடையும் இல்லை. இரண்டையும் வைத்து டாக்டர் அட்டோமாக்ஸெடினைத் தேர்ந்தெடுத்தார்.

இது தூண்டு மருந்து அல்ல. மூளையில் நார்எபிநெஃப்ரின் என்ற வேதிப்பொருளை நரம்புகள் வேகமாகத் திரும்ப உறிஞ்சிக்கொள்வதைத் தடுக்கிறது. அமெரிக்காவில் 2002இல் ஏ.டி.ஹெச்.டி.க்கு அனுமதி பெற்றது. இதில் போதை ஏறாது, அடிமைப்படுத்தும் மருந்தாகவும் இது வகைப்படுத்தப்படவில்லை. அதற்காகக் கடையில் சும்மா கேட்டு வாங்கும் மருந்தும் அல்ல, டாக்டர் சீட்டு கட்டாயம்.

தொடங்கும் முன் டாக்டரிடம் சொல்ல வேண்டியவை இவை. உங்களுக்கோ வீட்டில் யாருக்குமோ இதயக் கோளாறு, இளவயதில் திடீர் மரணம் உண்டா? ரத்த அழுத்தம், மயக்கம், படபடப்பு உண்டா? மஞ்சள் காமாலை வந்திருக்கிறதா? கண்ணில் நீர் அழுத்த நோய் உண்டா? குறுகிய கோண வகை இருந்தால் இந்த மருந்து கூடவே கூடாது. அட்ரினல் சுரப்பியில் வரும் ஃபியோகுரோமோசைட்டோமா என்ற கட்டி இருந்தாலும் கூடாது. தற்கொலை எண்ணம் எப்போதாவது வந்ததுண்டா, வீட்டில் யாருக்கும் இருமுனை மனநோய் உண்டா என்பதையும் மறைக்காமல் சொல்லுங்கள். கர்ப்பமாக இருந்தால், அல்லது திட்டமிருந்தால் அதையும்.

வேறு என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதும் முக்கியம். மனச்சோர்வுக்குத் தரப்படும் ஃப்ளுவாக்ஸெடின், பராக்ஸெடின் போன்றவை கல்லீரலில் இந்த மருந்தைச் சிதைக்கும் நொதியைத் தடுத்துவிடும், மருந்து உடம்பில் அதிகமாகத் தங்கும். சிலருக்குப் பிறவியிலேயே அந்த நொதி மெதுவாக வேலை செய்யும், அவர்களுக்கும் குறைந்த டோஸே போதும். எம்.ஏ.ஓ. தடுப்பான் என்ற பழைய வகை மனச்சோர்வு மருந்துக்கும் இதற்கும் நடுவில் குறைந்தது 14 நாள் இடைவெளி வேண்டும். வீசிங்குக்கு சால்பியூட்டமால் எடுப்பவர்கள் அதைச் சொல்லுங்கள், இரண்டும் சேர்ந்தால் இதயத் துடிப்பு கூடலாம். நாட்டு மருந்து சாப்பிட்டாலும் சொல்லிவிடுங்கள்.

அளவைப் பொறுத்தவரை, பெரியவர்களுக்குப் பொதுவாக நாளுக்கு 40 மில்லிகிராமில் தொடங்கி 80க்குப் போவார்கள், 100ஐத் தாண்டுவதில்லை. 70 கிலோவுக்குக் குறைவான பிள்ளைகளுக்கு எடை பார்த்து அளவு. எனக்கு 25இல் தொடங்கி மெதுவாகத்தான் ஏற்றினார்கள். காப்ஸ்யூலை முழுதாக விழுங்க வேண்டும். உடைத்துக் கொட்டினால் உள்ளே இருக்கும் பொடி கண்ணில் பட்டு எரிச்சல் தரும். காசு மிச்சம் பிடிக்க ‘பாதி இன்றைக்கு, பாதி நாளைக்கு’ என்று பிரிப்பது இதில் நடக்காது. ஒருவேளை மறந்தால் அடுத்த வேளை இரண்டாகப் போடக் கூடாது. அறைத் தோழிக்குப் பரீட்சை என்று ஒன்று எடுத்துக் கொடுக்கவும் கூடாது. ஒரு மாத்திரையில் அவளுக்குக் கவனம் வரப்போவதில்லை, ஆபத்து மட்டும் வரலாம்.

ஏனென்றால் இது மெதுவான மருந்து. பலன் தெரிய நான்கு முதல் ஆறு வாரம் ஆகும், முழுதாகத் தெரிய இன்னும் கூடலாம். ஆனால் தொந்தரவுகள் முதல் வாரத்திலேயே வந்துவிடும். எனக்குக் குமட்டல், வாய் வறட்சி, மத்தியானத் தூக்கம். வெறும் வயிற்றில் போடாமல் இட்லிக்குப் பிறகு போட்டபோது குமட்டல் குறைந்தது. பசி குறையும் என்பதை விடுதிப் பிள்ளைகள் கவனிக்க வேண்டும். ஏற்கெனவே மெலிந்த உடம்பு, மெஸ்ஸில் வாய்க்கு விளங்காத சாப்பாடு, இதில் பசியும் போனால் எடை இறங்கிவிடும். மாதம் ஒருமுறை எடை பாருங்கள். ரத்த அழுத்தமும் நாடித்துடிப்பும் தொடங்கும்போதும், டோஸ் கூட்டும்போதும், பிறகு அவ்வப்போதும் பார்க்க வேண்டும். ஆரம்ப சுகாதார நிலையத்தில் இதற்குக் காசு கிடையாது. மலச்சிக்கல், சிறுநீர் கழிப்பதில் சிரமம், தூக்கமின்மை சிலருக்கு வரும். ஆண்களுக்கு விறைப்புத்தன்மை குறையலாம். தம்பிகள் இதை என்னிடம் சொல்லக் கூச்சப்படுவீர்கள், சரி. டாக்டரிடம் சொல்லுங்கள். சொல்லாமல் மாத்திரையை மட்டும் நிறுத்திவிட்டு ‘மருந்து செட் ஆகல’ என்று போய்விடாதீர்கள்.

காத்திருக்கக் கூடாத அறிகுறிகளும் உண்டு. கண்ணோ தோலோ மஞ்சளாவது, சிறுநீர் டிகாக்ஷன் நிறத்தில் போவது, வலது விலாவுக்குக் கீழே வலி, காரணமில்லாத அரிப்பு ஆகியவை வந்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவமனைக்குப் போக வேண்டும். இது அரிது, ஆனால் கல்லீரலைக் கடுமையாகப் பாதித்திருக்கிறது. கீழாநெல்லி அரைத்துக் குடித்துக்கொண்டே மாத்திரையைத் தொடரக் கூடாது. நெஞ்சுவலி, மயங்கி விழுதல், மணிக்கணக்கில் அடங்காத வலியோடு கூடிய விறைப்பு ஆகியவையும் அவசரம்தான்.

அடுத்தது தற்கொலை எண்ணம். 2005இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு இந்த மருந்துக்கு மிகக் கடுமையான வகை எச்சரிக்கையைச் சேர்த்தது. சிறுவர்களிடமும் வளரிளம் பருவத்தினரிடமும் நடந்த ஆய்வுகளில், மருந்து எடுத்தவர்களில் சுமார் 0.4 சதவீதம் பேருக்குத் தற்கொலை எண்ணம் வந்தது, போலி மாத்திரை எடுத்தவர்களில் யாருக்கும் வரவில்லை. அந்த ஆய்வுகளில் தற்கொலை மரணம் நிகழவில்லை. ஆயிரத்தில் நான்கு என்பது சின்ன எண் போலத் தெரியலாம். ஆனால் நம் மாணவர்கள் எந்த வளாகங்களில், எந்தப் பாரத்தோடு படிக்கிறார்கள் என்பது நமக்குத் தெரியும். அதனால் முதல் சில வாரங்களும், டோஸ் மாறும் நாட்களும் தனியாக இருக்கக் கூடாத நாட்கள். நம்பகமான ஒருவரிடம் “நான் இந்த மாத்திரை ஆரம்பிச்சிருக்கேன், என் பேச்சு, நடத்தை மாறினா சொல்லு” என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். எனக்கு அந்த ஆள் என் தங்கச்சி. இருண்ட எண்ணம் வந்தால் அது மருந்தாலா, சாதியாலா என்று ஆராய்ந்து கொண்டிருக்காமல் உடனே டாக்டரிடம் சொல்லுங்கள். நடு இரவாக இருந்தால் டெலி மானஸ் எண் 14416. இலவசம், 24 மணி நேரமும் தமிழில் பேசலாம்.

கேள்வி கேட்டால் டாக்டர் கோபித்துக்கொள்வார் என்கிற பயம் எனக்கும் தெரியும். முன்பு ஒரு தனியார் கிளினிக்கில், என் முகவரியைப் பார்த்துவிட்டு, “மாத்திரை பேர் தெரிஞ்சு நீ என்ன பண்ணப் போற, சொன்னதைச் சாப்பிடு” என்றார்கள். 2017ஆம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம் இதற்கு நேர்மாறாகச் சொல்கிறது. அதன் 18ஆம் பிரிவு, சாதி உள்ளிட்ட எந்தப் பாகுபாடும் இல்லாமல் மனநலச் சிகிச்சை பெறும் உரிமையைத் தருகிறது. 22ஆம் பிரிவு, நோய் என்ன, சிகிச்சை என்ன, அதன் தெரிந்த பக்கவிளைவுகள் என்ன என்று அறியும் உரிமையைத் தருகிறது. 23ஆம் பிரிவு ரகசியம் காப்பது பற்றியது. வார்டனுக்கோ துறைத் தலைவருக்கோ உங்கள் மாத்திரை தெரிய வேண்டியதில்லை. ஆனால் 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைப் பட்டியலில் ஏ.டி.ஹெச்.டி. தனிப் பெயராக இல்லை. தேர்வில் கூடுதல் நேரம் கேட்கும்போது இந்த ஓட்டை இடிக்கும். அதற்கான கோரிக்கையை நாம்தான் எழுப்ப வேண்டும்.

மருந்து எனக்கு என்ன செய்தது? கோப்பின் மூன்றாம் பக்கத்தைத் தாண்டிப் பதினெட்டாம் பக்கம் வரை போக முடிகிறது. தகவல் அறியும் மனுவுக்கு மேல்முறையீட்டை முப்பது நாள் கெடுவுக்குள் போட முடிகிறது. நாட்காட்டி, அலாரம், வேலையைத் துண்டு துண்டாகப் பிரிப்பது எல்லாம் இப்போதும் வேண்டியிருக்கிறது. தனிக் குவளையைப் பார்த்தால் வருகிற கோபம் கொஞ்சமும் குறையவில்லை, அதைக் குறைக்க நான் மாத்திரை சாப்பிடவும் இல்லை. நம் பிள்ளை வகுப்பில் எதிர்த்துக் கேள்வி கேட்டால் “ஹைப்பர், மருந்து கொடுங்க” என்று ஒரு பள்ளி சொன்னால், அந்த இடத்தில் நான் பிள்ளை பக்கம்தான் நிற்பேன்.

அடுத்த முறை மனநலப் பிரிவு வரிசையில் நிற்கும்போது ஒரு தாளில் இவற்றை எழுதிக்கொண்டு போங்கள். எனக்கு ஏ.டி.ஹெச்.டி. என்று எதை வைத்து முடிவு செய்தீர்கள்? இந்த மருந்தை ஏன் தேர்ந்தெடுத்தீர்கள், வேறு வழி உண்டா? நான் சாப்பிடும் மற்ற மருந்துகளோடு ஒத்துவருமா? எத்தனை வாரம் பார்ப்பது, பலன் இல்லையென்றால் அடுத்து என்ன? எந்த அறிகுறிக்கு உடனே வர வேண்டும், யாரைக் கூப்பிட வேண்டும்? பதில்களை அங்கேயே எழுதி வாங்குங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் சொல்லுங்கள், எங்களில் யாராவது கூட வருகிறோம்.