கடைசிப் பந்திக்கு வடை

"முகூர்த்தம் ஞாயித்துக்கெழமையா, நடுவாரமா?"

மெனுவைப் பற்றி சமையல் மாஸ்டர் பேச்சே எடுக்கவில்லை. முதலில் கேட்டது இதைத்தான். அம்பத்தூர் ஓ.டி. பக்கம் ஒரு சந்தில் அவருடைய பாத்திரக் குடோன். அண்டாக்களுக்கும் தேக்சாக்களுக்கும் நடுவே மூன்று பிளாஸ்டிக் நாற்காலி. ஆவடி டேங்க் ஃபேக்டரியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற என் பக்கத்து வீட்டு நண்பர், மகள் கல்யாணத்துக்குச் சாப்பாடு பேச வந்திருந்தார். சமையல் கோஷ்டியோடு ஓர் இரவாவது இருந்து பார்க்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. ஒட்டிக்கொண்டு போயிருந்தேன்.

"புதன்கிழமை."

"அப்போ காலையில முந்நூறு இலை தாண்டாது சார். ரிசப்ஷன்லதான் கூட்டம்."

ஊர்ப்பக்கத்தில் முகூர்த்தச் சாப்பாடுதான் பிரதானம். சென்னையில் அது தலைகீழ். அதிலும் இந்த மேற்குப் புறநகரில் கூட்டம் எத்தனை மணிக்கு வரும் என்பதைத் தொழிற்சாலைகள்தான் முடிவு செய்கின்றன. அம்பத்தூர் தொழிற்பேட்டை 1964இல் வந்தது. அதற்கும் முந்தியது சைக்கிள் கம்பெனி. ஷிஃப்ட் முடிந்து, குளித்து, குடும்பத்தோடு கிளம்பினால் மண்டபம் சேர எட்டரை ஆகும். ஏழு மணிக்குக் காலியாகக் கிடக்கும் சாப்பாட்டுக் கூடம் ஒன்பதுக்கு நாற்காலிக்குப் பின்னால் ஆள் நிற்கும் இடமாகிவிடும்.

பத்திரிகை ஐந்நூறு அடித்திருந்தார்கள். மாஸ்டர் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. சொந்தக்காரர் பத்திரிகைக்கு மூன்று பேர், தெருக்காரர்களுக்கு இரண்டு, ஆபீஸ் பத்திரிகைக்கு ஒருவர். "வாட்ஸ்அப்ல அனுப்பினதக் கணக்குலயே சேர்க்க மாட்டேன் சார்." ஐப்பசி மழைக்கும் கொஞ்சம் கழித்தார். ரிசப்ஷனுக்கு 550 இலை என்று முடிவானது.

சாப்பாடு பேசுவதில் இரண்டு வழி உண்டு. மாஸ்டர் மளிகை லிஸ்ட் எழுதிக் கொடுப்பார், சாமானை நாம் வாங்கி இறக்கிவிட்டுக் கூலி மட்டும் கொடுக்கலாம். அல்லது இலைக்கு இவ்வளவு என்று முழு காண்ட்ராக்டாக விட்டுவிடலாம். முன்னதில் விலை ஏறினால் அடி வீட்டுக்காரருக்கு, பின்னதில் மாஸ்டருக்கு. 2023 ஜூலையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டி, அரசே ரேஷன் கடையில் 60 ரூபாய்க்கு விற்றது நினைவிருக்கும். தை மாதம் ரேட் பேசி அட்வான்ஸ் வாங்கிய கல்யாணம் ஒன்று அந்த ஆனியில் இவருக்கு வந்தது. "ரசத்துக்குப் புளியைக் கூட்டிட்டேன். வேற என்ன பண்றது?" என்று சிரித்தார்.

நண்பர் இலைக் கணக்குக்கே ஒப்புக்கொண்டு பேரம் பேச ஆரம்பித்தார். ஐஸ்கிரீமைத் தொடவில்லை, பன்னீரைத் தொடவில்லை. நேரே ஆள் கூலிக்குப் போனார். பரிமாற எதற்குப் பதினாறு பேர், பத்து போதாதா? மாஸ்டர் அசையவில்லை. ஆள் குறைந்தால் பரிமாறுகிறவன் இன்னொரு முறை வர நேரமில்லாமல் ஒரே தடவையில் இரண்டு கரண்டி கொட்டிவிட்டுப் போவான், பாதி இலையோடு போகும் என்றார். கூலியில் மிச்சம் பிடித்தால் அரிசியில் செலவாகும். நான் பார்த்தவரை கல்யாண பட்ஜெட் போடுகிற எல்லா வீட்டிலும் இந்தத் தப்பு நடக்கிறது.

பாத்திரம் கழுவவும் இரண்டு பேர் கூடுதலாகக் கேட்டார். 2019 ஜனவரியில் பிளாஸ்டிக் தடை வந்ததிலிருந்து, பூச்சுள்ள பேப்பர் டம்ளர் கூடாது. இவர் எவர்சில்வர் டம்ளருக்கு மாறிவிட்டார், அதைக் கழுவ ஆள் வேண்டும்.

முகூர்த்தத்துக்கு முதல் நாள் மதியம் திருமுல்லைவாயில் மண்டபத்துப் பின்கட்டில் போய் உட்கார்ந்தேன். திருவள்ளூர், திருநின்றவூர்ப் பக்கமிருந்து ரயிலில் வந்த எட்டுப் பெண்கள் அரிவாள்மனையோடு வட்டமாக இருந்தார்கள். வெங்காயம் கண்ணை எரிக்காதா என்று கேட்டேன். "மொத மூட்டைக்கு எரியும் தம்பி" என்றார் ஒரு அம்மா, நிமிராமலே. ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் கிடையாது. ஆடியில் திருவேற்காடு, பூந்தமல்லிப் பக்கத்து அம்மன் கோயில்களில் அன்னதானம் இருந்தால் வேலை. மார்கழியில் அதுவும் இல்லை.

மாஸ்டரின் கணக்கு அடுப்படியில்தான் புரிந்தது. சமையலில் இரண்டு சாதி. ஒன்று கரண்டியால் அளப்பது: சாம்பார், பாயசம், கூட்டு. பாயசக் கரண்டி 100 மில்லி பிடித்தால் நூறு பேருக்குப் பத்து லிட்டர். கூட்டம் கூடினால் சின்னக் கரண்டி வெளியே வரும், சாப்பிடுகிறவருக்குத் தெரியாது. இன்னொன்று எண்ணி வைப்பது: ஜாங்கிரி, வடை. பாதி வடை வைக்க முடியாது. மேற்கொண்டு பத்தில் ஒரு பங்கு சேர்த்து 605 வடை போட்டார். சோறு தீர்ந்தால் அரை மணியில் இன்னொரு உலை வைத்துவிடலாம். வடைக்கு அப்படி முடியாது, உளுந்து ஊற வேண்டும். (வடை நன்றாகவே இருந்தது. பன்னீர் பட்டர் மசாலாவைப் பற்றி அப்படிச் சொல்ல மாட்டேன்.)

மழை வரவில்லை. ஒன்பதே முக்காலுக்கு ஒரு பையன் ஓடிவந்து, "மாஸ்டர், இன்னொரு பந்தி இருக்கு" என்றான். மாஸ்டர் வடைத் தட்டை எட்டிப் பார்த்தார். ஒன்றும் பேசாமல் அப்பளம் பொரிக்கச் சொன்னார்.

பதினொரு மணிக்கு இலைக்கட்டுகள் முன்னால் பஞ்சாயத்து. வந்து இறங்கியது 700 இலை, மீந்தது 79. நண்பரின் மச்சான் தானே ஒருமுறை எண்ணிப் பார்த்தார். கிழிசல் ஒன்பதைத் தள்ளி 612 என்று கணக்கு நின்றது. வடை கிடைக்காத ஏழு பேர், கல்யாணங்களில் எப்போதும் கடைசிப் பந்தியில் உட்காருகிறவர்கள்: வீடியோ எடுத்தவர்கள், லைட் மியூசிக் பையன்கள், மண்டபத்து வாட்ச்மேன். நண்பர் 612 இலைக்கும் பணம் எண்ணிக் கொடுத்தார்.

பெண்கள் தட்டில் தயிர்சாதமும் ஊறுகாயும் போட்டுச் சாப்பிட்டு முடித்தபோது பதினொன்றரை. காலை முகூர்த்தத்துக்கு முந்நூறு இலை. யாரோ பீன்ஸ் மூட்டையை அவிழ்த்துத் தரையில் கொட்டினார்கள். அரிவாள்மனைகள் மறுபடி வட்டத்துக்கு வந்தன.