பந்து குடித்த எண்ணெய்



டெக்சாஸில் மகள் வீட்டுக்கு வந்து மூன்று மாதம் ஆகிறது. "அங்கே பொழுது எப்படிப் போகுது டீச்சர்?" என்று பலரும் கேட்டிருந்தீர்கள். பந்து துடைப்பதில் போகிறது. சிரிக்காமல் முழுவதும் படியுங்கள்.

பேத்திக்கு 14 வயது. சனிக்கிழமைதோறும் பௌலிங் ஆடப் போகிறாள். கிரிக்கெட் பௌலிங் இல்லை. 60 அடி நீளமுள்ள வழவழப்பான பாதையில் கனத்த பந்தை உருட்டி, கடைசியில் நிற்கும் 10 கட்டைகளைச் சாய்க்கும் ஆட்டம். தேர்ந்தவர்கள் உருட்டும் பந்து நேராகப் போய், கட்டைகளுக்குக் கொஞ்சம் முன்னால் சட்டென்று வளைந்து திரும்பும். அந்தத் திருப்பத்தில்தான் ஆட்டமே இருக்கிறது.

கொஞ்ச நாளாக அவள் பந்து திரும்பவில்லை. "பந்து செத்துப் போச்சு அம்மாச்சி, புதுசு வாங்கணும்" என்றாள். நல்ல பந்து 150 டாலருக்குக் குறையாது. மருமகனும் வாங்கித் தரத் தயார். எனக்குத்தான் மனசு கேட்கவில்லை. கல் மாதிரி இருக்கிற பொருள் எப்படிச் சாகும்? அவளையே எனக்குப் பாடம் நடத்தச் சொன்னேன்.

அந்தப் பாதையில் முதல் 40 அடி வரைக்கும் கண்ணுக்குத் தெரியாமல் எண்ணெய் பூசியிருப்பார்களாம். எண்ணெயில் பந்து வழுக்கிப் போகும். எண்ணெய் முடிகிற உலர்ந்த இடத்தில் தரையைப் பிடித்துத் திரும்பும். ஆதியில் மரப்பந்து இருந்தது. பிறகு ரப்பர், பிளாஸ்டிக் என்று மாறி, 1990களின் தொடக்கத்தில் புதுவகை ரெசின் பந்து வந்தது. அதன் மேல்தோலில் நம் தோலைப் போலவே நுண்துளைகள் உண்டு. அதனால்தான் தரையை நன்றாகப் பிடிக்கிறது. அதே துளைகள் வழியாக எண்ணெயையும் குடித்துவிடுகிறது. குடித்துக் குடித்துத் துளைகள் நிரம்பிவிட்டால் பிடிமானம் போய்விடும். இதைத்தான் "செத்துப் போச்சு" என்கிறார்கள்.

வைத்தியம் எளிதுதான். விரல் நுழையும் மூன்று துளைகளையும் தண்ணீர் புகாத டேப்பால் ஒட்டினோம். ஒரு வாளி வெந்நீரில் பாத்திரம் துலக்கும் சோப்பு சில சொட்டு விட்டோம். சூடு 55 டிகிரி செல்சியஸைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டோம். கொதிநீர் ஊற்றினால் பந்து விரிசல் விடலாம். பந்தை உள்ளே விட்டு 20 நிமிடம் கழித்துப் பார்த்தால், ரசத்தில் தாளித்த எண்ணெய் மாதிரி மேலே மினுமினுவென்று படலம்! எடுத்துத் துடைத்து, வேறு வெந்நீர் மாற்றி, படலம் வராமல் நிற்கும்வரை மூன்று முறை செய்தோம். இரவெல்லாம் மின்விசிறிக் காற்றில் உலர்ந்தது.

நடுவில் டீச்சர் புத்தி சும்மா இருக்குமா? அவள் சிறுவயதில் ஆடிய 10 பவுண்டு பந்து கார் ஷெட்டில் கிடந்தது. அதையும் கொண்டுவரச் சொன்னேன். இரண்டும் ஒரே பருமன்தான். 12 பவுண்டு பந்து வாளியில் மூழ்கியது, 10 பவுண்டு பந்து மிதந்தது. "எப்படி அம்மாச்சி?" என்றாள். ஐந்தாம் வகுப்பில் உங்களுக்கு நடத்திய அதே ஆர்க்கிமிடிஸ் பாடம் அன்று அமெரிக்காவில் நடந்தது. இந்தப் பருமனுக்கு விலகும் தண்ணீரின் எடை பன்னிரண்டு பவுண்டுக்குச் சற்றுக் குறைவு. அவ்வளவுதான் சூட்சுமம். ஆறு வாரமாகக் கைபேசியிலிருந்து நிமிராத பிள்ளை அன்று இரண்டு மணி நேரம் என்னோடு தரையில் உட்கார்ந்திருந்தாள்.

அந்தச் சனிக்கிழமை பந்து திரும்பியது. புதுப்பந்து அளவுக்கு இல்லைதான். ஆனால் திரும்பியது. இப்போது ஒவ்வொரு முறை உருட்டியதும் பந்தை உலர்ந்த துண்டால் துடைக்கிறாள். ஆட்டம் முடிந்ததும், சூடு ஆறுவதற்கு முன்பே, மருந்துக்கடை ஐசோபுரோபைல் ஆல்கஹாலைத் துணியில் நனைத்து ஒரு முறை. இந்த இரண்டும் தவறாமல் நடந்தால் வெந்நீர்க் குளியல் எப்போதாவது போதும்.

இனி, இதை எழுத உட்கார்ந்த காரணத்துக்கு வருகிறேன். சென்ற வாரம் நம் மாணவி ஒருத்தி அழைத்தாள். இப்போது அவளும் ஆசிரியை. "பிள்ளைங்க கஷ்டத்தையெல்லாம் வீட்டுக்குத் தூக்கிட்டு வர்றேன் டீச்சர். ராத்திரி தூக்கம் இல்லை. முன்ன மாதிரி பாடம் நடத்தவும் வரலை. நான் இதுக்கு லாயக்கில்லைன்னு எழுதிக் கொடுத்துட்டு வந்துடலாமான்னு இருக்கு" என்று அழுதாள்.

அவளிடம் இந்தப் பந்தைப் பற்றித்தான் சொன்னேன். பிளாஸ்டிக் பந்தை எத்தனை வருடம் உருட்டினாலும் எண்ணெய் ஏறாது. ஆனால் அது அப்படித் திரும்பவும் திரும்பாது. பிள்ளைகளைப் பிடித்துக்கொள்கிற மனசுதான் அவர்கள் பாரத்தையும் உறிஞ்சும். உனக்கு ஒன்றும் ஆகிவிடவில்லை அம்மா, நிறைய ஏறிவிட்டது, அவ்வளவுதான். அதை அன்றன்றைக்கு இறக்க வேண்டும். நான் வேலை பார்த்த நாளெல்லாம் பள்ளிக்கூட மணி அடித்ததும் குழாயடியில் கைகால் கழுவி, வேப்பமரத்தடியில் சத்துணவு ஆயாவோடு பத்து நிமிடம் ஊர்க்கதை பேசிவிட்டுத்தான் பஸ்ஸுக்கு நடப்பேன். அந்தப் பத்து நிமிடம் இல்லாமல் அத்தனை வருடம் ஓட்டியிருக்க முடியாது. உனக்கு அப்படி ஒரு மரமும் ஓர் ஆளும் தேடிக்கொள். முடியாதபோது டாக்டரைப் பார்ப்பதிலும் வெட்கம் இல்லை. நீண்ட விடுப்பு எடுத்தாலும் தப்பில்லை. அதற்குப் பிறகு யோசி, எழுதிக் கொடுப்பதா வேண்டாமா என்று.

பள்ளிக்கூடம், ஆஸ்பத்திரி, வயதான பெற்றோர் என்று பிறர் பாரம் சுமக்கிற பிள்ளைகள் உங்களில் நிறைய பேர் உண்டு. உங்கள் எல்லோருக்கும்தான் இது. யாரிடமும் பேச முடியாவிட்டால் எனக்குப் போன் செய்யுங்கள். இங்கே இரவா பகலா என்று பார்க்க வேண்டாம்.

கடைசியாக, வெளிநாட்டில் இருக்கும் பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. வீட்டில் பௌலிங் பந்து இருந்தால் வெயில் காலத்தில் கார் டிக்கியில் போட்டு வைக்காதீர்கள். சூட்டில் விரிசல் விடலாம்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்