வட்டத்துக்குள் ஒரு புள்ளி

அரபுக் கல்லூரியில் கிதாபு ஓதிய ஒரு மௌலவிக்கு இணையத்தளம் எதற்கு என்று நீங்கள் கேட்கலாம். எங்கள் வீட்டிலும் அதையேதான் கேட்டார்கள். அதன் கதையைச் சொல்லிவிட்டு, அதில் நான் பெற்ற பாடத்தைச் சொல்கிறேன்.

எனது வாப்பா யாழ்ப்பாணத்தில் லொறி ஓட்டியவர். காங்கேசன்துறை சீமெந்துத் தொழிற்சாலையில் மூட்டை ஏற்றி வருவது அவரது வேலை. பாடசாலை விடுமுறையென்றால் நானும் முன் இருக்கையில் ஏறிக்கொள்வேன். மூட்டை ஏறும் வரை கடலையும் ரயில் நிலையத்தையும் பார்த்துக்கொண்டிருப்பேன். 1950 இல் உற்பத்தியைத் தொடங்கிய அந்தத் தொழிற்சாலை 1990 இல் யுத்தத்தால் மூடப்பட்டது. அதே ஆண்டு ஒக்டோபரில் வடபகுதி முஸ்லிம்கள் வெளியேற்றப்பட்டபோது எனக்குப் பத்து வயது. புத்தளத்தில் வளர்ந்தேன், ஓதினேன், பட்டம் பெற்றேன். பிறகு ஆசிரியராக யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்தேன்.

2015 ஜனவரியில் காங்கேசன்துறை வரை மீண்டும் ரயில் ஓடத் தொடங்கியது. ஒரு சனிக்கிழமை ஏறிப் போனேன். அன்றிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. போகும்போதெல்லாம் கைத்தொலைபேசியில் படம் எடுப்பேன். வாப்பா சொன்ன கதைகளைக் கொப்பியில் எழுதுவேன். மறு வருடம் மூத்த மகளின் உதவியோடு இவற்றையெல்லாம் ஓர் இணையத்தளத்தில் போட்டேன். வருமானம் எதுவும் இல்லை. வெறும் பொழுதுபோக்குத்தான்.

முகவரியைச் சொந்தபந்தங்களுக்கும் நண்பர்களுக்கும் அனுப்பி, “எப்படி இருக்கிறது?” என்று கேட்டேன். “மாஷா அல்லாஹ், நல்லாயிருக்கு” என்று எல்லோரும் சொன்னார்கள். லண்டனில் இருக்கும் மச்சான் துஆவும் செய்தார். நானும் மகிழ்ந்து போனேன். அதன் பிறகு ஒருவரும் அந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை.

உண்மையை முதலில் காட்டியவன் என் வகுப்பு மாணவன் ஒருவன். இடைவேளையில் அவனுடைய அண்ணனின் தொலைபேசியில் எனது தளத்தைத் திறந்தான். திறந்த உடனேயே நான் வைத்திருந்த கஸீதா உரத்த குரலில் ஒலித்தது. பக்கத்து வகுப்பு ஆசிரியை எட்டிப் பார்த்தார். படங்கள் வரவே இல்லை. முதல் பக்கத்தில் பத்துப் படங்களை எடுத்த அளவிலேயே போட்டிருந்தேன். ஒவ்வொன்றும் 4 எம்பி. “சேர், அண்ணாட டேட்டா முடிஞ்சிட்டுது” என்றான் அவன். எனக்கு வெட்கமாகிவிட்டது.

அடுத்தது எழுத்து. பாடசாலை வினாத்தாள் தட்டச்சு செய்த பழக்கத்தில் பல பக்கங்களைப் பாமினி எழுத்துருவில் அடித்திருந்தேன். என் கணினியில் அழகான தமிழாகத் தெரிந்தது. பாமினி இல்லாத இடத்திலோ அது வெறும் ஆங்கில எழுத்துக் குவியலாகத் தெரிந்தது. பாமினியில் ஒவ்வொரு தமிழ் எழுத்தும் ஓர் ஆங்கில எழுத்தின் இடத்தில்தான் உட்கார்ந்திருக்கிறது. யூனிகோடில் தமிழுக்கென்று தனி இடம் உண்டு. ஆகவே அது எந்தத் தொலைபேசியிலும் தமிழாகவே தெரியும். எழுத்துமாற்றி ஒன்றின் உதவியால் ஒரு வாரத்தில் எல்லாவற்றையும் யூனிகோடுக்கு மாற்றினேன். பாட்டை எடுத்துவிட்டேன். படங்களைச் சிறிதாக்கினேன். பச்சைப் பின்னணியில் மஞ்சள் எழுத்து வாசிக்க முடியவில்லை என்று உம்மா சொன்னபோது அதையும் மாற்றி, வெள்ளையில் கறுப்பாக வைத்தேன்.

நான் கேள்வி கேட்ட விதமே பிழை என்பது அப்போதுதான் புரிந்தது. “எப்படி இருக்கிறது?” என்று மௌலவி கேட்டால், நன்றாக இல்லை என்று யார் சொல்வார்கள்? ஆகவே முறையை மாற்றினேன். ஒருவரிடம் தொலைபேசியைக் கொடுத்து, “யாழ்ப்பாணத்துக்கு முதல் ரயில் எந்த ஆண்டு வந்தது என்று இதில் தேடிச் சொல்லுங்கள்” என்பேன். பிறகு வாயை மூடிக்கொண்டு பக்கத்தில் இருப்பேன். அவர் எங்கே தடுமாறுகிறார், எதை அழுத்திப் பார்க்கிறார், எங்கே அலுத்துப் போகிறார் என்று குறித்துக்கொள்வேன். விளக்கம் சொல்ல நாக்குத் துடிக்கும். சொல்லக் கூடாது. தளத்தைப் பார்க்கும் ஒவ்வொருவரின் பக்கத்திலும் நான் இருக்கப் போவதில்லையே! இப்படி ஐந்து பேரை வைத்துப் பார்த்தாலே பெரும்பாலான குறைகள் வெளிப்பட்டுவிடும் என்று இத்துறையில் பெயர்பெற்ற யாக்கோப் நீல்சன் 2000 இலேயே எழுதியிருப்பதாகப் பிறகு அறிந்தேன். என் அனுபவத்தில் மூன்றாவது ஆளோடேயே எனது பெருமை முடிந்துவிட்டது.

அந்த மூன்றாவது ஆள் ரயில்வேயில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். விடையைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டு, “விடை கிடைச்சிட்டுது மௌலவி, ஆனால் விடை பிழை” என்றார். நான் 1905 என்று எழுதியிருந்தேன். கொழும்பிலிருந்து ரயில் வந்த ஆண்டு அது. அதற்கு முன்பே, 1902 இல், காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையில் யாழ்ப்பாணம் ஊடாக ரயில் ஓடத் தொடங்கிவிட்டது. வடிவமைப்பில் உள்ள குறை கண்ணை உறுத்தும். செய்தியில் உள்ள பிழை அப்படி உறுத்தாது. விஷயம் தெரிந்தவர் பார்க்கும் வரை அது அமைதியாக இருக்கும்.

இவற்றையெல்லாம் திருத்தியபின் இனிக் குறையில்லை என்று நினைத்தேன். உடன் கற்பிக்கும் ஆசிரியர் ஒருவரின் தகப்பனார் சீமெந்துத் தொழிற்சாலையில் வேலை செய்தவர் என்று கேள்விப்பட்டு, அவரிடமும் காட்டப் போனேன். காங்கேசன்துறையிலேயே பிறந்து வளர்ந்தவர். 1990 இல் இடம்பெயர்ந்து, மல்லாகத்திலும் சுன்னாகத்திலுமாக முகாமிலும் வாடகை வீட்டிலும் வாழ்ந்தவர். பிளேன்டீ வந்தது. கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஒவ்வொரு படமாகத் தள்ளிக்கொண்டு வந்தார். ஓரிடத்தில் விரல் நின்றது. பற்றைக்குள் இடிந்து நிற்கும் ஒரு சுவரின் படம் அது. அதன் கீழே, “ஆளில்லாத காட்டுக்குள் ஒரு பழைய கட்டடம்” என்று எழுதியிருந்தேன்.

ஐயா கோபிக்கவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். “மௌலவி, இது காடில்லை. இது எங்கட குசினிச் சுவர். இந்த வளவுக்கை நாங்கள் ஆறு பேர் இருந்தனாங்கள்.”

எனக்குப் பேச்சு வரவில்லை. வலிகாமம் வடக்கு மக்கள் இடம்பெயர்ந்ததும் 1990 இல்தான். அந்த மண் உயர் பாதுகாப்பு வலயமாக்கப்பட்டு, யுத்தம் முடிந்தபின் கட்டங்கட்டமாகவே விடுவிக்கப்பட்டது. மரம் முளைத்தது ஆளில்லாததால் அல்ல; ஆட்களைப் போகவிடாததால். இது எனக்குத் தெரியாத விஷயமா? சோனகத் தெருவில் கூரையும் கதவும் போய் நின்ற எங்கள் வீட்டை முதன்முறை பார்த்தபோது உம்மா அழுத அழுகையை நான் கண்டவன். அந்தச் சுவரை யாரோ படம் எடுத்து, ‘பாழடைந்த கட்டடம்’ என்று எழுதியிருந்தால் நாங்கள் எப்படித் துடித்திருப்போம்! அதே காரியத்தை நானே இன்னொருவருக்குச் செய்திருக்கிறேன்.

அரபுக் கல்லூரியில் படித்த ஒன்று அன்றிரவு நினைவுக்கு வந்தது. முற்காலத்தில் ஹதீஸ்களைக் கையால் பிரதி எடுத்தவர்கள் ஒரு ஹதீஸுக்கும் அடுத்ததற்கும் இடையில் சிறு வட்டம் போடுவார்கள். எழுதி முடித்ததும் வேலை முடிந்துவிடாது. உஸ்தாதுடைய மூலப் பிரதியோடு ஒவ்வொன்றாக ஒத்துப் பார்க்க வேண்டும். இதற்கு முகாபலா என்று பெயர். வட்டங்களை வெறுமையாக விட்டுவைத்து, ஒத்துப் பார்த்தபின்பே உள்ளே ஒரு புள்ளி இட வேண்டும் என்று கதீபுல் பக்தாதி இமாமவர்கள் விரும்பியதை, ஹிஜ்ரி 643 இல் மறைந்த இப்னுஸ் ஸலாஹ் இமாமவர்கள் எடுத்துரைக்கிறார்கள். புள்ளியில்லாத வட்டம் கண்டால், இது இன்னும் ஒத்துப் பார்க்கப்படவில்லை என்று வாசிப்பவர் அறிந்துகொள்வார்.

மாணவர்களுக்கு இதைப் பல தடவை கற்பித்திருக்கிறேன். என் எழுத்துக்கு அதைச் செய்ய மட்டும் தோன்றவில்லை. கடலுக்கும் ரயிலுக்கும் சாட்சி தேடிய நான், வீடுகளுக்குச் சொந்தக்காரரைத் தேடவில்லை.

அடுத்த கிழமையே அந்த வாசகத்தை நீக்கிவிட்டு, ஐயா சொல்லச் சொல்ல எழுதினேன். எத்தனை அறை, என்ன மரங்கள், கிணறு எங்கே என்று சொன்னார். பெயர் போட வேண்டாம் என்றார்; போடவில்லை. இப்போது எனது தளத்தில் ஒவ்வொரு படத்தின் கீழும் ஒரு சிறு வட்டம் இருக்கிறது. அந்த இடத்தை அறிந்த ஒருவர் பார்த்துச் சரியென்று சொன்னால்தான் உள்ளே புள்ளி இடுவேன். திருத்தங்களுக்குத் தனிப் பக்கம் வைத்து, என்ன பிழை விட்டேன், எந்தத் தேதியில் திருத்தினேன் என்று எழுதுகிறேன். தமிழ் விக்கிப்பீடியா 2003 இல் தொடங்கியதிலிருந்து இவ்வாறே நடக்கிறது. அங்கே ஒவ்வொரு கட்டுரைக்கும் உரையாடல் பக்கம் உண்டு. பழைய வடிவங்களும் அழிக்கப்படாமல் இருக்கும்.

அன்பானவர்களே! நீங்கள் இணையத்தளம் நடத்தாமல் இருக்கலாம். ஊர் வரலாறோ பள்ளிவாசல் மலரோ குடும்ப வரலாறோ எழுதுவீர்கள். பாராட்டுவோரிடம் மட்டும் காட்டாதீர்கள். யாரைப் பற்றி எழுதினீர்களோ அவரிடம் காட்டுங்கள். அவர் பேசும்போது குறுக்கே பேசாதீர்கள். சொன்னதைத் திருத்திவிட்டு, திரும்பவும் அவரிடமே கொண்டுபோய்க் காட்டுங்கள்.

நானும் அப்படித்தான் கொண்டுபோனேன். ஐயா முழுவதையும் வாசித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். புள்ளி இடலாமா என்று கேட்டேன்.

“பொறுங்கோ மௌலவி. கிணறு மேற்குப் பக்கம் எண்டு போட்டிருக்கிறியள். அது கிழக்கு.”