பின்னச்சின் நடுக்கம்

உழைப்பாளியின் அறிவை அறிவென்று ஒப்புக்கொள்ள எம்மிடையே கற்றோர் பலர் இன்னும் தயங்குகின்றனர். பாடநூலில் ஏறாத எதுவும் அவர்களுக்கு வெறும் கைப்பழக்கமே. இக்கருத்து எவ்வளவு தவறானது என்பதை, ஒரு பழைய பிக்கப் வாகனத்தின் பின்னச்சில் எழுந்த நடுக்கத்தைக் கொண்டு எடுத்துக்காட்ட விரும்புகிறோம்.

அவ்வாகனம் எமது அயலவர் ஒருவருடையது. தோட்டக்காரரிடம் மரக்கறி வாங்கிச் சுன்னாகம் சந்தைக்கு ஏற்றிச் செல்வது அவர் தொழில். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி, 2025இன் தொடக்கத்திலேதான் மீண்டும் பரவலாக அனுமதிக்கப்பட்டது. இடைப்பட்ட ஆண்டுகளில் பழைய வாகனங்களே பொன்விலை பெற்றன. ஆகவே, அந்த யப்பானியப் பிக்கப் ஓடினாற்றான் அவர் வீட்டில் உலை ஏறும். ஒருநாள் அது வளைவுகளிலே நடுங்கத் தொடங்கிற்று. முதலில் பார்த்த வேலைத்தலத்தார், டிபரன்சியல் முழுவதையும் மாற்றவேண்டும் என்றனர். அதற்கான பணத்துக்கு மனைவியின் காப்புகளை அடகு வைப்பதைத் தவிர அவருக்கு வேறு வழியில்லை.

நாம் அவருடன் மற்றொரு கராஜுக்குச் சென்றோம். அங்கிருந்த பாஸ் எதையும் கழற்றவில்லை. கேள்விகளே கேட்டார்.

"நேரா ஓடேக்கையும் நடுங்குதோ, திரும்பேக்கை மட்டுமோ?"

"திரும்பேக்கைதான் அண்ணை. அதுவும் மெதுவாத் திரும்பேக்கை."

"பாரம் ஏத்திக்கொண்டு வெளிக்கிடேக்கை?"

"அப்ப ஒண்டுமில்லை."

"டிபரன்சியல் ஒயில் எப்ப மாத்தினது?"

"போன மாசம்."

இக்கேள்விகளின் ஒழுங்கை வாசகர் கவனிக்க வேண்டும். வேகம் கூடும்போது எழும் அதிர்வானால், சில்லுகளின் சமநிலையையும் புரொப்பெல்லர் தண்டையும் ஐயுறலாம். பாரத்தோடு புறப்படுகையில் எழுவதானால், அத்தண்டின் மூட்டுகளையும் நடுப் பெயாரிங்கையும் பின் வில்தகடுகளையும் பார்க்கவேண்டும். நேரோட்டத்தில் அக்சிலேற்றரை அழுத்த ஒருவிதமாகவும் விட வேறுவிதமாகவும் ஊளையிடுமானால், பற்சக்கரங்களோ பெயாரிங்குகளோ தேய்ந்திருக்கலாம். மெதுவான வளைவில் மட்டும் நடுக்கம் எனின், டிபரன்சியலின் உள்ளேயுள்ள உராய்வுத் தட்டுகளையே முதலில் ஐயுறவேண்டும்.

வளைவிலே வெளிச்சில்லு உட்சில்லினும் கூடுதல் தூரம் உருளுகின்றது. சில்லுகளின் இடைவெளி 1.5 மீற்றர் எனின், ஒரு முழுவட்டத்தில் இவ்வேறுபாடு ஏறத்தாழ 9.4 மீற்றர், வட்டம் சிறிதாயினும் பெரிதாயினும் இவ்வளவே. இவ்வேறுபாட்டுக்கு இடங்கொடுப்பதே டிபரன்சியலின் பணி. 1820களின் பிற்பகுதியில் நீராவி வண்டிக்கென இதனை அமைத்த ஒனேசிபோர் பெக்கூர் என்ற பிரெஞ்சுக்காரர், கடிகாரத் தொழிலில் கைதேர்ந்தவர் என்பதும் நினைவுகூரத்தக்கது.

ஆயினும் சாதாரண டிபரன்சியலுக்கு ஒரு குறையுண்டு: ஒரு சில்லு சேற்றிற் புதைந்தால் அதுவே சுழலும், மற்றது வாளாவிருக்கும். இதனைத் தடுக்கச் சில பிக்கப்புகளில் உராய்வுத் தட்டுகளை அடுக்கி வைத்துள்ளனர். வளைவில் இத்தட்டுகள் ஒன்றன்மேல் ஒன்று சீராக வழுக்கவேண்டும். அதற்கெனவே ஒயிலில் உராய்வைச் சீராக்கும் ஒரு சேர்மானம் கலக்கப்படுகின்றது. அது இல்லையேல் தட்டுகள் ஒட்டும், விடுபடும், மீண்டும் ஒட்டும். நிலையியல் உராய்வு இயக்க உராய்வினும் பெரிதாதலின் விளையும் துடிப்பே அந்நடுக்கம். கரும்பலகையில் வெண்கட்டி கிறீச்சிட்டுத் துள்ளுவதும் இதே விதியாற்றான். நாள்தோறும் அவ்வொலியைக் கேட்கும் ஆசிரியராகிய நாம் அதன் காரணத்தை மாணவர்க்கு எத்தனை முறை சொல்லியிருக்கிறோம்?

பாஸ் ஒயிலைச் சுத்தமான தட்டிலே வடித்தார். காந்தத்தில் மெல்லிய சாம்பல்நிறப் பசை மட்டும் படிந்திருந்தது. அது வழமையான தேய்மானம். உடைந்த உலோகத் துண்டுகள் இல்லை. சென்ற மாதம் ஊற்றப்பட்டது, சேர்மானமற்ற சாதாரண கியர் ஒயில் என்று தெரிந்தது. உரிய ஒயிலை ஊற்றி, வெறும் மைதானத்தில் எட்டு வடிவிலே மெதுவாகப் பலமுறை ஓட்டச் செய்தார். புதிய ஒயில் தட்டுகளுக்கிடையே ஊறவே நடுக்கம் படிப்படியாகக் குறைந்து நின்றது. நில்லாதிருந்தால் தட்டுகள் தேய்ந்துவிட்டன என்று கொண்டு, அப்பொழுதுதான் திறந்திருப்பாராம்.

"கழட்டிப்போட்டு யோசிக்கிறதிலும் பாக்க, யோசிச்சுப்போட்டுக் கழட்டிறது நல்லது, மாஸ்டர்" என்றார் அவர்.

குறியை அவதானித்தல், காரணங்களைப் பிரித்தறிதல், செலவு குறைந்த சோதனையை முதலிற் செய்தல், ஒருநேரத்தில் ஒன்றையே மாற்றிப் பார்த்தல்: விஞ்ஞான முறை என நாம் வகுப்பறையிற் போதிப்பது இதைத்தானே? ஆயினும் அம்முறையை வாழ்விலே கையாள்பவனுக்குச் சான்றிதழ் இல்லை, சமூகத்தில் மதிப்பும் இல்லை. படிப்பு ஏறாத பிள்ளையைக் கராஜுக்கு அனுப்புங்கள் என்று பெற்றோருக்கு அறிவுரை கூறும் ஆசிரியர்கள் இன்றும் உளர்.

நோயறியாது மருந்திடும் வழக்கத்தின் செலவை ஏற்பவர் வேலைத்தலத்தார் அல்லர். மரக்கறி சுமந்து வாழ்பவரே ஏற்கிறார். சரியான காரணத்தைக் கண்டறியும் ஆற்றல் இங்கே ஒரு குடும்பத்தைக் கடனிலிருந்து காத்தது. அவ்வாற்றலை மதிக்கவும், கராஜ் வாசலில் நின்று கற்றுக்கொள்ளவும் எமது மாணவரைப் பழக்குவோமானால், கைக்கும் மூளைக்கும் இடையே எழுப்பப்பட்ட சுவரில் ஒரு கல்லையேனும் பெயர்த்தவராவோம்.