கப்பலில் எத்தனை ராத்திரி?

சென்னையில் 2022 ஜூனில் 'எம்பிரஸ்' சொகுசுக் கப்பல் கிளம்பியபோது, இரண்டு இரவுப் பயணமும் இருந்தது. ஐந்து இரவும் இருந்தது. விலையைப் பார்த்ததும் மனசு இரண்டு இரவுக்குத்தான் போகும். ஆனால் சாயங்காலம் ஏறி மூன்றாம் நாள் காலையில் இறங்கினால், முழுசாகக் கிடைப்பது நடுவில் ஒரே நாள். அன்றைக்குப் பார்த்து பாட்டிக்குத் தலைசுற்றல் வந்து கேபினிலேயே படுத்துவிட்டால், சேர்த்துவைத்த பணம் கடலோடு போச்சு!

மறு வருஷம் இதே கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறைக்கும் போனது. ஊர் பார்க்கிற ஆசை இருந்தால் நான்கைந்து இரவு வேண்டும், பாஸ்போர்ட்டும் வேண்டும். கோணேசர் கோயிலைத் தரிசித்துவிட்டு சாயங்காலத்துக்குள் கப்பலுக்குத் திரும்பிவிடலாம். குடும்பத்தோடு முதல்முறை போகிறவர்களுக்கு மூன்று இரவு கிடைத்தால் அதுவே சரி.